வீணைக் கச்சேரியிலிருந்து இசையியல் முனைவர் பட்டத்துக்கு: எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி கேட்பவர்: மெழுகும் மெட்டும்

எல்லோருக்கும் வணக்கம். நான் வீணை வாசிக்கிறவள். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இப்போது இருப்பது சென்னையில். பட்டப்படிப்பு பி.காம்., அப்புறம் எம்.ஏ. இசை. ஆகாசவாணியில் ‘பி ஹை’ கிரேடு. மார்கழியில் சபாக்களில் மதியக் கச்சேரி கிடைக்கும். மற்ற மாதங்களில் கோயில் உற்சவம், பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கு வாசிப்பு, வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு. வாசிப்பை விடப்போவதில்லை. ஆனால் வாசிக்கும்போது எழுகிற கேள்விகளை உட்கார்ந்து ஆராய ஒரு இடம் வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இணையதளங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மியூசிகாலஜி ஒரு பிரிவு, எத்னோமியூசிகாலஜி இன்னொரு பிரிவு, தியரி என்று மூன்றாவது ஒன்று. எனக்கு எந்த வாசல்? ஸ்டாஃப் நொட்டேஷன் (மேலை இசையின் ஐந்து கோட்டுக் குறிமுறை) தெரியாது. பியானோ தொட்டதில்லை. எழுத்து மாதிரி என்று 20 பக்கம் வரை ஆங்கிலத்தில் கட்டுரை கேட்கிறார்கள், என் எம்.ஏ. ஆய்வேடு தமிழில் இருக்கிறது, தலைப்பு ‘வீணை வளர்ந்த வரலாறு’. அதை மொழிபெயர்த்து அனுப்பினால் போதுமா?

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டுமாம். என்னை உள்ளும் புறமும் அறிந்தவர் என் குரு ஒருவர்தான். எழுபதைத் தாண்டிவிட்டார். ஆங்கிலத்தில் எழுத மாட்டார், மின்னஞ்சலும் கிடையாது. “கச்சேரி செய்கிறவர்களை அங்கே எடுப்பதில்லை, படிப்பாளிகளைத்தான் எடுப்பார்கள்” என்று தெரிந்தவர் ஒருவர் வேறு சொல்லிவிட்டார். உண்மையா?

என்ன ஆராயப் போகிறாய் என்று கேட்டால் கமகம் என்பேன், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிக்கிற விதம். உதாரணமாக, தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம். என் குரு அதற்கு முந்தைய ரிஷபத்தின் (‘ரி’) மெட்டிலேயே (மெட்டு என்றால் தந்திக்கு அடியில் மெழுகில் பதித்த கட்டை) விரலை வைத்துத் தந்தியை இழுத்துக் காந்தாரத்தைப் பேச வைப்பார். வேறு பாணியில் கற்ற என் தோழி காந்தார மெட்டுக்கே போய் அசைப்பாள். கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. விரலுக்கு இரண்டும் வேறு வேறு காரியம். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் கமகங்களுக்கு ஒதுக்கல், ஜாரு, வலி என்று தனித்தனிக் குறி போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதைப் பற்றி யோசிப்பேன். இது ஆய்வுக்குப் போதுமான விஷயமா, தெரியவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பிடில்காரி

வணக்கம். நான் வயலின். பக்கவாத்தியம், தனிக்கச்சேரி என்று ஓடிக்கொண்டிருந்துவிட்டு முப்பதை ஒட்டி எத்னோமியூசிகாலஜி படிக்க அமெரிக்கா வந்தேன். இப்போது இங்கேயே பாடம் நடத்துகிறேன். சேர்க்கைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு தோடி காந்தாரத்தைச் சொல்லிவிட்டு, “ஆய்வுக்குப் போதுமான விஷயமா, தெரியவில்லை” என்று முடித்திருக்கிறீர்கள். அம்மா, அதுதான் உங்கள் விண்ணப்பம். அதற்கு முன்னால் எழுதிய கிரேடு, சபா, உற்சவம் எல்லாம் தன்விவரக் குறிப்பில் இரண்டு வரி. குழுவில் இருப்பவர்கள் ஒரே நாளில் நிறைய நோக்க அறிக்கைகளை (எதை, ஏன் ஆராய வருகிறேன் என்று விண்ணப்பிப்பவர் எழுதுவது) படிப்பார்கள். வாசிப்பிலிருந்து வருகிறவர்கள் எழுதுவதில் பெரும்பகுதி ‘ஐந்து வயதில் பாட்டு ஆரம்பித்தேன்’ என்று தொடங்கி, அரங்கேற்றம், விருதுகள் வழியாக நடந்து, ‘இந்த மகத்தான கலையை உலகுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்’ என்று போய் நிற்கும். அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் இவர் என்ன கேட்கிறார் என்பது கடைசி வரைக்கும் தெரியாது. குழுவுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். ஐந்தாறு வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டு போகிற அளவுக்கு இவரிடம் ஒரு கேள்வி இருக்கிறதா? அதை இங்கே யார் வழிநடத்துவார்? அவ்வளவுதான்.

‘கச்சேரிக்காரர்களை எடுப்பதில்லை’ என்பது சரியில்லை. இந்தத் துறை அமெரிக்காவில் வேர்விட்ட கதையில் நம் கச்சேரிக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மாண்டில் ஹூட் 1960-ல், ஓர் இசையை ஆராய வருகிறவர் அந்த இசையை வாசிக்கவும் கற்க வேண்டும் என்று வாதிட்டு எழுதினார். அங்கே படித்த ராபர்ட் பிரவுன் மிருதங்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். அவர் கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது மிருதங்கம் ரங்கநாதன் அங்கே வந்து கற்பித்தார். அவருடைய தம்பி புல்லாங்குழல் விசுவநாதன் அதே வெஸ்லியனில் ராக ஆலாபனையைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். பரதநாட்டியம் பாலசரஸ்வதியும் அங்கே கற்பித்திருக்கிறார். மூவரும் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள். பாடகர் எஸ். ராமநாதனும் வெஸ்லியனில்தான் சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்தார். விசுவநாதன் தான் வாசித்த ஆலாபனையிலிருந்து கேள்வியை எடுத்தார், ராமநாதன் பழைய பனுவலுக்குப் போனார். இரண்டு பேருமே மேடைக் கலைஞர்கள்.

உங்கள் வாத்தியத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். ஹார்வர்டில் பேராசிரியரான ரிச்சர்ட் உல்ஃப், ரங்கநாயகி ராஜகோபாலனிடம் காரைக்குடி பாணி வீணை கற்றவர். முதுகலை ஆய்வையும் அந்த வாசிப்பின் மேல்தான் செய்தார். அப்புறம் நீலகிரியில் கோத்தர் பழங்குடியினரின் இசைக்குப் போனார்.

சரி, எந்த வாசல்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மியூசிகாலஜி என்றால் பெரும்பாலும் ஐரோப்பியச் செவ்வியல் இசையின் வரலாறு. சேர்ந்தவுடனே ஹார்மனி, மேலை இசை வரலாறு ஆகியவற்றில் ஒரு நிலைகாண் தேர்வு வைக்கிற இடங்கள் உண்டு. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மாதிரி மொழிகளையும் எதிர்பார்ப்பார்கள். எத்னோமியூசிகாலஜி மானுடவியலோடு கை கோத்தது. களத்துக்குப் போக வேண்டும், மனிதர்களோடு இருக்க வேண்டும், அவர்கள் இசையைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். தியரி என்பது ஒலியின் கட்டமைப்பை அலசுவது. ஆனால் இந்தச் சுவர்கள் பெயர்ப்பலகையில் இருக்கிற அளவுக்கு உள்ளே உறுதியானவை இல்லை. ஹெரால்ட் பவர்ஸ் 1950-களில் சென்னையில் வந்து கற்று, பிரின்ஸ்டனில் தென்னிந்திய ராக அமைப்பின் பின்னணியைப் பற்றி 1959-ல் ஆய்வேடு கொடுத்தார். அதே மனிதர் இத்தாலிய ஆப்பெராவைப் பற்றியும் எழுதினார்.

உங்கள் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூன்று வாசலிலும் நுழையும். 1904-ல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சான அந்தப் பிரதர்சினி ஏன் இத்தனை நுணுக்கமான கமகக் குறிகளோடு வந்தது, அதை எழுதத் தூண்டிய சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டவர் என்பதற்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்டால் அது வரலாறு. ஒரு குரு இழுப்பைச் சீடரின் கைக்கு எப்படிக் கடத்துகிறார், எதை வாயால் சொல்கிறார், எதைச் சொல்லாமல் தன் கையைக் காட்டுகிறார் என்று கேட்டால் எத்னோமியூசிகாலஜி. இரண்டு விதமாக வாசித்ததையும் பதிவு செய்து சுருதி வளைவுகளை (ஸ்வரம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடுகள்) அருகருகே வைத்து அலசினால் தியரி. உங்களுக்கு எதில் இரவு முழுக்க உட்கார முடியுமோ அதுதான் உங்கள் வாசல். எழுதியிருப்பதைப் படித்தால் இரண்டாவது என்று எனக்குப் படுகிறது. ஆனால் முடிவு உங்களுடையது.

உங்கள் கேள்வியில் இருக்கிற பலம் வெளியிலிருந்து வருகிறவருக்குச் சுலபத்தில் கிடைக்காது. அந்த நூலில் ஒதுக்கல் என்பது தந்தியை ஒரு மெட்டிலிருந்து விலக்கி மேல் ஸ்வரத்தை எடுப்பது. ஜாரு என்றால் மெட்டுகளின் மேலே சறுக்கிப் போவது. போய்ச் சேருகிற ஸ்வரம் ஒன்றாகவே இருக்கலாம். அப்படியானால் அந்தக் குறி காதில் விழுவதைப் பதிவு செய்கிறதா, கை செய்வதைப் பதிவு செய்கிறதா? கை செய்வதைத்தான் என்றால், மெட்டே இல்லாத தொண்டையைக் கொண்டு பாடுகிறவர் அதை எப்படிப் படித்தார்? என் வயலினிலும் மெட்டு கிடையாது. (இத்தனைக்கும் வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் பாலுசாமி தீட்சிதரின் வீட்டில் வளர்ந்தவர்தான் சுப்பராம தீட்சிதர்.) இந்தக் கேள்வியைப் படித்த நிமிஷத்தில் எனக்கே பிரதர்சினியைத் திறந்து பார்க்கத் தோன்றியது. குழுவில் இருப்பவருக்கும் அப்படித் தோன்ற வேண்டும்.

‘வீணை வளர்ந்த வரலாறு’ வேண்டாம். மொழிபெயர்க்காதீர்கள். அது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்கிற தலைப்பு. எழுத்து மாதிரியைப் புதிதாக எழுதுங்கள். ஒரு கீர்த்தனை, அதில் இரண்டு மூன்று சங்கதிகள் (ஒரே வரியின் வெவ்வேறு வடிவங்கள்), பிரதர்சினியின் குறி, உங்கள் குருவின் பாடாந்தரம் (அவர் வழியில் கற்ற வடிவம்), தோழியின் பாடாந்தரம். பதினைந்து பக்கத்துக்கு அது தாராளம். சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருள் இலவசம். சுருதி வளைவை அதில் வரைந்து படமாகச் சேர்க்கலாம். ஆனால் படம் கேள்விக்கு உதவ வேண்டும். வெறும் அலங்காரமாக வேண்டாம்.

ஸ்டாஃப் நொட்டேஷனுக்குப் பயப்படாதீர்கள். படிக்கத் தெரிகிற அளவுக்கு இப்போதே கற்க ஆரம்பியுங்கள், ஆரம்பித்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். பல இடங்களில் எத்னோமியூசிகாலஜிக்கு அது வாசலில் நிற்கிற காவல்காரன் இல்லை. தெலுங்கு எழுத்துப் படிப்பீர்களா? சமஸ்கிருதம் கொஞ்சமாவது தெரியுமா? அதைக் கட்டாயம் எழுதுங்கள். அங்கே மாணவர்கள் ஆராய்ச்சிக்காக வருஷக்கணக்கில் கற்கிற மொழிகள் அவை. நமக்கு இது ஒரு விஷயமாகவே படாது, அதனால் விட்டுவிடுவோம்.

கடைசியாக, பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள், ஆளைப் பார்த்து விண்ணப்பியுங்கள். உங்கள் கேள்வியைப் படித்தால் நிமிர்ந்து உட்காரக்கூடிய ஒருவராவது அந்தத் துறையில் இருக்க வேண்டும். அவர் எழுதியதில் ஒன்றையாவது முழுசாகப் படித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் சின்னதாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த வருஷம் மாணவர் எடுக்கிறாரா என்று நேராகவே கேட்கலாம். சில துறைகள் சில வருஷங்களில் சேர்க்கையையே நிறுத்தி வைக்கின்றன. கட்டணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

பதில்: தரமணி வாசகர்

பிடில்காரி அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கான சரக்கு முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

நான் நாகஸ்வரக் குடும்பம். இப்போது சென்னையிலேயே இசையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். எம்.ஏ.வில் 55 சதவீதம் இருந்தால் யு.ஜி.சி. நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) எழுதலாம், இசைத் தாளில் கர்நாடக இசைக்குத் தனிப் பகுதியே உண்டு. ஜே.ஆர்.எஃப். (அந்தத் தேர்வின் வழியாக வரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு அப்புறம் 42,000. வீட்டு வாடகை தனி. குருவை விட்டுப் போக வேண்டாம், மார்கழியையும் விட வேண்டாம். எழுபதைத் தாண்டிய குருவிடமிருந்து ஐந்தாறு வருஷம் தள்ளி இருப்பது என்பது சின்ன விஷயமில்லை. உங்கள் ஆய்வே அவருடைய கையைப் பற்றியது என்னும்போது இதைத் தவறாமல் யோசியுங்கள். எங்கே படிப்பதாக முடிவெடுத்தாலும் சரி, இந்த வாரமே அவர் வாசிப்பதையும் கற்பிப்பதையும் ஒழுங்காகப் பதிவு செய்யத் தொடங்கிவிடுங்கள். முகத்தை எடுக்க வேண்டாம், இடது கையை எடுங்கள்.

வெளிநாடுதான் என்றாலும், அங்கே போவதற்கு முன்னால் இங்கே கை வைத்துவிட்டுப் போங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் கிடைக்கும். மியூசிக் அகாடமி 1930-லிருந்து இதழ் நடத்துகிறது. கமகத்தைப் பற்றி வித்வான்கள் கூடி விவாதித்த குறிப்புகள் அதில் இருக்கின்றன; ஒரு ராகத்தின் ஒரு பிரயோகத்துக்காக (ஸ்வரக் கோவைக்காக) எவ்வளவு சூடாகப் பேசியிருக்கிறார்கள் என்பதைப் படிக்கவே சுவையாக இருக்கும். பிரதர்சினியைத் தமிழில் கொண்டுவந்ததும் அகாடமிதான். தஞ்சாவூர் உங்கள் ஊர் என்றால் சரஸ்வதி மகால் பக்கத்திலேயே இருக்கிறது. டெல்லியை ஒட்டிய குர்கானில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசை ஆவணக்காப்பகம் 1982-லிருந்து களப்பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. “இந்த ஆவணத்தைப் பார்த்தேன், இந்தச் சிக்கல் தெரிந்தது” என்று ஒரு விண்ணப்பத்தில் எழுத முடிந்தால் அதன் கனமே வேறு.

மெழுகும் மெட்டும்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பதிவு செய்யச் சொன்னதை உடனே ஆரம்பித்துவிட்டேன். குரு முதலில் கூச்சப்பட்டார். கையை மட்டும்தான் எடுக்கிறேன் என்றதும் “அப்படியானால் சரி” என்று உற்சாகமாகிவிட்டார்.

நெட் பற்றி யோசித்தேன், எழுதவும் போகிறேன். ஆனாலும் வெளியே விண்ணப்பிக்கும் ஆசை போகவில்லை. இங்கே நான் பேசுகிற எல்லோருக்கும் தோடி தெரியும். அது தெரியாத ஒருவரிடம் முதலிலிருந்து விளக்க வேண்டி வந்தால் எனக்கே எது தெரியும், எது தெரியாது என்பது வெளிச்சமாகும் என்று நினைக்கிறேன். குருவிடமும் பேசினேன். “போய்ட்டு வா, வாத்தியத்தை எடுத்துட்டுப் போ” என்றார்.

நோக்க அறிக்கையின் முதல் பத்தியை எழுதிப் பார்த்தேன். தமிழிலேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

‘இந்திய இசை சாமவேதத்தில் தோன்றிப் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கும் உன்னதக் கலை. அதில் வீணை கலைமகளின் கருவியாகப் போற்றப்படுகிறது. இத்தகைய பெருமைமிக்க வாத்தியத்தைச் சிறுவயது முதல் பயிலும் பேறு பெற்றேன். கமகம் என்பது கர்நாடக இசையின் உயிர்நாடி. நான் கற்ற பாணியில் தோடியின் காந்தாரம் ரிஷப மெட்டிலிருந்து இழுக்கப்படுகிறது. வேறு பாணிகளில் காந்தார மெட்டிலேயே அசைக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டை ஆராய விரும்புகிறேன்.’

இன்னொன்றும் கேட்க வேண்டும். வாசிப்புப் பதிவு ஏதாவது அனுப்பலாமா? சில இடங்களில் விருப்பம் இருந்தால் இணைக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள்.

பதில்: பிடில்காரி

முதல் நான்கு வாக்கியங்களையும் எடுத்துவிடுங்கள். தயங்க வேண்டாம். அவை யாருடைய விண்ணப்பத்திலும் இருக்கலாம். தவிர, சாமவேதத்திலிருந்து நேராக ஒரு கோடு இழுக்கிற வரலாற்றை இந்தத் துறையில் இருப்பவர்கள் ரொம்ப நாளாகக் கேள்வி கேட்டு வருகிறார்கள். இன்றைய கச்சேரி வடிவம், அகாடமி, ‘செவ்வியல்’ என்ற பட்டம் எல்லாம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாரால், யாரை ஒதுக்கி வைத்து உருவாயின என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். இசைவேளாளர் குடும்பங்கள் அந்த மாற்றத்தில் எதை இழந்தன என்பதும் அதில் பெரிய பகுதி. அந்த மரபில் வந்த தனம்மாள் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது இது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதை எல்லாம் முதல் பத்தியில் எழுதச் சொல்லவில்லை. படித்திருங்கள், அவ்வளவுதான். படித்தவருடைய வாக்கியம் தானாகவே வேறு மாதிரி வரும்.

ஐந்தாவது வாக்கியத்தில்தான் ஆள் தெரிகிறீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள். ‘இழுக்கப்படுகிறது’, ‘அசைக்கப்படுகிறது’ என்று ஏன் ஆளை மறைக்கிறீர்கள்? குரு இழுக்கிறார், நீங்கள் இழுக்கிறீர்கள், தோழி அசைக்கிறாள். ‘இந்த வேறுபாட்டை ஆராய விரும்புகிறேன்’ என்பதும் போதாது. வேறுபாடு இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் ஆராய என்ன இருக்கிறது? எது புரியவில்லை என்று சொல்லுங்கள். எனக்குத் தோன்றுவது இப்படி:

‘தோடியின் காந்தாரத்தை என் குரு ரிஷப மெட்டிலிருந்து தந்தியை இழுத்து எடுக்கிறார். என்னோடு வாசிக்கும் தோழி காந்தார மெட்டிலேயே விரலை அசைக்கிறாள். கேட்பவர்கள் இரண்டையும் ஒரே ஸ்வரம் என்கிறார்கள். வாசிக்கிற எங்களுக்கு அவை ஒன்று இல்லை. அடுத்த பிரயோகத்துக்கு எங்கே போக முடியும் என்பதே அதனால் மாறுகிறது. 1904-ல் சுப்பராம தீட்சிதர் இந்த வகை வித்தியாசங்களுக்குத் தனித்தனிக் குறிகள் கொடுத்தார். கையின் அறிவை அச்சில் ஏற்ற முயன்ற ஒரு நூலை, அந்தக் கைப்பழக்கம் இல்லாதவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்?’

இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வாயில் வருகிற மாதிரி மாற்றுங்கள். ‘எங்கே போக முடியும் என்பதே மாறுகிறது’ என்பது நான் யூகித்தது. உண்மைதானா என்று வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லை என்று தெரிந்தால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான்.

பதிவு அனுப்பலாம். கச்சேரி வீடியோ வேண்டாம். சபா மேடையில் நீங்கள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று எடைபோட அங்கே எல்லோருக்கும் காது பழகியிருக்காது. மூன்று நிமிஷத்துக்குள், கை தெரிகிற மாதிரி, ஒரே பிரயோகத்தை இரண்டு விதமாகவும் வாசித்து எடுங்கள். நடுவில் நீங்களே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசுங்கள். அது எழுத்து மாதிரிக்குத் துணையாக நிற்கும்.

பதில்: கஞ்சிரா

மேலே இரண்டு பேரும் சாரத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் காகித வேலைக்கு வருகிறேன். அதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள்.

குருவின் கடிதம்: பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்குத்தான் இணைப்பு போகும், அவரே உள்ளே போய் ஏற்ற வேண்டும். ஆகவே அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறக்க வேண்டும். அவர் வீட்டுப் பேரனோ பேத்தியோ உதவட்டும். நீங்கள் செய்யாதீர்கள், கடிதத்தைப் பார்க்கவும் கூடாது. அவர் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அல்லது சொல்லச் சொல்ல யாராவது எழுதட்டும். உங்கள் கல்லூரி ஆசிரியர் யாராவது மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் தான்தான் என்று கீழே குறிப்பிட்டு இரண்டையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கிவிடலாம். வெளிநாட்டுக் கடிதம் இப்படி வருவது அவர்களுக்குப் புதிதில்லை. என்றாலும் துறை அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். மற்ற இரண்டு கடிதமும் உங்கள் எழுத்தைப் படித்தவர்களிடமிருந்து வரட்டும். பெரிய வித்வான் என்பதற்காக, உங்களை ஒரு தடவை மேடையில் கேட்டவரிடம் வாங்காதீர்கள். ‘நல்ல பெண், நன்றாக வாசிப்பாள்’ என்ற கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை.

பட்டம்: மூன்று வருஷ பி.காம். மட்டும் என்றால் சில இடங்களில் இடிக்கும். எம்.ஏ. இருப்பதால் உங்களுக்குக் கவலை குறைவு. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இசைக் கல்லூரிப் பட்டயம் மட்டும் வைத்திருப்பவர்கள், அதைப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் எழுதிக் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலை மூடிய உறையில் வாங்க நம் ஊர்ப் பல்கலைக்கழக அலுவலகங்களில் எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகஸ்டிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

பணம்: ஒரு விண்ணப்பத்துக்கு 75 டாலரிலிருந்து 150 டாலருக்கு மேலும் ஆகும். ஆங்கிலத் தேர்வுச் செலவு தனி. ஜி.ஆர்.ஈ. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வைப் பல இசைத் துறைகள் இப்போது கேட்பதில்லை. கட்டண விலக்குக் கேட்டால் சில இடங்களில் கொடுப்பார்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நல்ல முனைவர் பட்டத் திட்டம் என்றால் கல்விக் கட்டணத்தை அவர்களே ஏற்றுக்கொண்டு உதவித்தொகையும் தர வேண்டும். மாற்றாக நீங்கள் வகுப்புகளில் உதவி ஆசிரியராக வேலை செய்வீர்கள். அது இல்லாமல் இடம் மட்டும் கொடுத்தால், கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பணத்தோடு இடம் வந்தால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. அதற்குள் அவசரப்படுத்தினால் பதற வேண்டாம்.

கச்சேரிக்காரர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும்போது வளாகத்துக்கு வெளியே பணம் வாங்கிக்கொண்டு வாசிக்க அனுமதி இல்லை. கோயில், தமிழ்ச் சங்கம், தியாகராஜ ஆராதனை என்று அன்போடு கூப்பிடுவார்கள், கவரும் கொடுப்பார்கள். வாங்கினால் விசாவுக்கு ஆபத்து. வளாகத்துக்குள் வேலை என்றாலும் வகுப்பு நடக்கிற காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். வாசிப்பு வருமானத்தை நம்பி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் என்றால் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெழுகும் மெட்டும்

விசா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நல்லவேளை சொன்னீர்கள். வீட்டில் பேச வேண்டும்.

பிடில்காரி அக்கா, நீங்கள் யூகித்ததை வாசித்துப் பார்த்தேன். ரிஷப மெட்டிலிருந்து இழுத்தால் மறுபடி ரிஷபத்துக்கு இறங்குவது கையை எடுக்காமலே வருகிறது. காந்தார மெட்டில் நின்றால் மத்யமத்துக்குப் போவது சுலபம், இறங்குவதற்குத் தனியாக விரல் நகர வேண்டும். தோழியையும் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். அவள் இறங்கும் பிரயோகங்களைக் குறைவாகத்தான் எடுக்கிறாள். தெரிந்து அப்படிச் செய்யவில்லை என்கிறாள்.

பதில்: பிடில்காரி

அதை எழுதுங்கள். முதல் பக்கத்திலேயே. அவள் அப்படிச் செய்வது அவள் பாணியிலா, அவள் பழக்கத்திலா என்று தெரிய, அதே பாணியில் கற்ற இன்னும் இரண்டு பேரிடமாவது கேட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் வாரத்துக்குள் எழுத்து மாதிரியின் முதல் வரைவை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், சிவப்பு மையோடு உட்காருகிறேன். தரமணி வாசகருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆவணங்களில் அவர் கண் என்னுடையதைவிடக் கூர்மை.